சுருண்டுகொண்ட மாமனாரும் நான் விட்ட இடைவேளையும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் திரைப்பட மன்றம் ஆரம்பித்திருக்கிறார்கள். அதன் மலருக்கு என்னையும் ஒரு கட்டுரை எழுதித் தரச்சொல்லி இரண்டு மாணவர்கள் வீடு தேடி வந்தார்கள். பழைய புரொஜக்டர், கார்பன் குச்சி, அறுந்த பிலிமை ஒட்டுவது, இதைப் பற்றியெல்லாம் எழுதுங்கள் ஐயா என்றார்கள். சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆனால் எழுதப்போவது அது இல்லை.

காரணம், அதற்கு முந்தின வாரம் அவர்களுடைய கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். ஒரு கார்ட்டூன் குடும்பப் படத்தைப் போட்டுக்காட்டி, அதன் கதை எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று ஒரு பேராசிரியர் பலகையில் மலைபோலக் கோடு போட்டு விளக்கினார். நன்றாகத்தான் விளக்கினார். ஆனால் நடுவில், ‘இதில் வரும் தாத்தா வெறும் சிரிப்புக்காகச் சேர்த்த பாத்திரம், கதைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை’ என்று ஒரு போடு போட்டார் பாருங்கள், எனக்கு உட்கார முடியவில்லை. கையைத் தூக்கினேன். கடைசி வரிசைக்கு மைக் வரவில்லை. அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் ராஜபாளையத்தில் ஒரு தியேட்டரில் இருபத்தெட்டு வருடம் ஆபரேட்டராக இருந்தவன். எண்பதுகளின் தொடக்கத்தில் ரீல் சுற்றும் ஆளாகச் சேர்ந்து, விரலைச் சுட்டுக்கொண்டு, மதுரைக்குப் போய்ப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினேன். தொழில் கற்றுக்கொண்ட கதை இவ்வளவுதான். இதற்கு மேல் இழுத்தால் எனக்கே கொட்டாவி வரும்.

எங்கள் மேனேஜர் சொக்கலிங்கம் அண்ணாச்சியைப் பற்றித்தான் கொஞ்சம் இழுத்துச் சொல்ல வேண்டும்.

தமிழ்ப் படம் என்றால் எங்கே இடைவேளை என்று எடுத்தவர்களே போட்டு அனுப்பிவிடுவார்கள். தமிழில் பேச வைத்த வெளிநாட்டுப் படங்களுக்கு அது கிடையாது. அவர்கள் ஊரில் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு எழுந்து போவார்களாம். இங்கே அப்படி ஓட்டினால் கேண்டீன்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதான். ஆகவே எந்த ரீல் முடிந்ததும் விளக்கைப் போடுவது என்பதை நாங்கள்தான் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவை எடுப்பவர் அண்ணாச்சி.

படம் வெளியாகும் நாளன்று காலையில் காலி அரங்கில் ஒரு முறை ஓட்டிப் பார்ப்போம். அண்ணாச்சி முன்வரிசை பெஞ்சில் மல்லாந்து படுப்பார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொள்வார். ‘ஓட்டுலே’ என்பார். அவ்வளவுதான், முழுப் படத்தையும் அப்படியேதான் ‘பார்ப்பார்’. புதிதாக வந்தவர்கள் தூங்குகிறார் என்று நினைத்துக் கிண்டல் செய்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

“கண்ணு இருக்கே, அது ஒரு ஏமாளி. அழகான பொம்பளை, பெரிய கட்டடம், எதைக் காட்டினாலும் வாயப் பொளக்கும். காதுதாம்லே கதையக் கேக்கும்” என்பார்.

ஒவ்வொரு ரீல் முடிந்ததும் துண்டை விலக்காமலே என்னிடம் இரண்டு கேள்வி கேட்பார். யாருக்கு என்ன வேணும்? கெடைச்சிட்டா, கெடைக்கலியா? நான் பழைய நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வேன். பாதிப் படத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே, எந்த ரீலின் கடைசியில் பெரிதாக ஒன்று கிடைக்காமல் நிற்கிறதோ அங்கே இடைவேளை. ஒரு சண்டைப் படத்தில் கதாநாயகன் பாலத்தில் ஒற்றைக் கயிற்றில் தொங்கும்போது விளக்கைப் போடச் சொன்னார். ஜனங்கள் டீ கிளாஸைக் கையோடு உள்ளே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். பதினாறு கிளாஸைக் காணோம் என்று கேண்டீன்காரர் புலம்பினார். அண்ணாச்சிக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் வீட்டுக்கு வீடு கேபிள் வயர் வந்தது. எங்கள் காலைக் காட்சியில் பெஞ்சுகள்தான் படம் பார்த்தன. முதலாளிக்குப் பக்கத்துத் தெருவிலேயே பேண்டேஜ் துணி செய்யும் பட்டறை இருந்தது. துணிப் பேல் அடுக்க இடம் போதவில்லை. கண்ணெதிரே இவ்வளவு பெரிய கொட்டகை சும்மா கிடக்கும்போது அவர் கண் அதன்மேல் விழாமல் இருக்குமா? தியேட்டரைக் குடோன் ஆக்கிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. நாங்கள் பதினோரு பேர் வேலை பார்த்தோம். என் மூத்த மகளை அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தேன். எனக்குப் படம் ஓட்டுவதைத் தவிர ஒரு வேலையும் தெரியாது. உண்மையைச் சொன்னால் பயந்துபோயிருந்தேன்.

அண்ணாச்சி முதலாளியிடம் ஒரு யோசனை சொன்னார். சனிக்கிழமை காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகத் தனிக் காட்சி. சுற்றுப்பட்டு ஊர்ப் பள்ளிகளுக்கெல்லாம் அவரே நடையாய் நடந்து தலைமையாசிரியர்களிடம் பேசினார். ‘நடத்திப் பாரு. பள்ளிக்கூடம் வரலேன்னா துணிப் பேலு வரும்’ என்றார் முதலாளி. அவர் மிரட்டவில்லை, கணக்காகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

முதல் படமாக அமைந்தது தமிழில் பேச வைத்த ஒரு கார்ட்டூன் படம், கல்லூரியில் அந்தப் பேராசிரியர் போட்டுக்காட்டிய அதே படம். முள்ளெலிக் குடும்பம் ஒன்றின் கதை. அப்பா, அம்மா, மூன்று குட்டிகள், ஒரு தாத்தா. கடைக்குட்டி காய்கறி வண்டியில் தூங்கிப்போய்ப் பட்டணத்துக்குப் போய்விடுகிறது. மொத்தக் குடும்பமும் அடித்துப் பிடித்துத் தேடிப் போகிறது. எட்டே ரீல். இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே படப்பெட்டிதான். மற்ற நாளெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தியேட்டரில் ஓடும், சனிக்கிழமை காலை மட்டும் எங்களுக்கு.

எல்லாம் கூடி வந்த நேரத்தில் அண்ணாச்சிக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. இடைவேளையை முடிவு செய்யும் வேலை முதல்முறையாக என் தலையில் விழுந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டாவது ஆபரேட்டரை ஓட்டச் சொல்லிவிட்டு, முன்வரிசை பெஞ்சில் மல்லாந்து படுத்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டேன். கார்ட்டூன் படத்தை! இன்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

மூன்றாவது ரீல் முடியும்போது குட்டி பட்டணத்தில் தனியாக அழுதது. நான்காவது ரீல் கடைசியில் குட்டி கிடைத்து, எல்லாரும் பாடினார்கள். ஐந்தாவது ரீல் கடைசிக்கு நான் எழுதி வைத்திருந்த குறிப்பு இதுதான்: ‘ஆத்துத் தண்ணிச் சத்தம். யாரோ உருளுகிறார்கள்.’

அண்ணாச்சி கணக்குப்படி கிடைத்த இடத்தில் விளக்கைப் போடக்கூடாது. எனக்கும் அது தெரியும். ஆனால் முதல்முறை தியேட்டருக்கு வரும் சின்னப் பிள்ளைகளை அழ விட்டு நடுவில் நிறுத்த மனம் வரவில்லை. பெரியவர்களுக்குப் போட்ட சட்டம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று நினைத்தேன். நான்காவது ரீலிலேயே, பாட்டு முடிந்த கையோடு, சந்தோஷமாக இடைவேளை விடலாம் என்று முடிவு செய்தேன்.

அன்றைக்கு வந்தது தேவதானத்துப் பள்ளிக்கூடம். நூற்றிருபது பிள்ளைகள், தலைமையாசிரியர், இரண்டு டீச்சர்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள சத்துணவு சமைக்கும் மாரியம்மாள். படம் ஓடியபோது சிரிப்புச் சத்தம் என் அறைவரை கேட்டது. அந்தத் தாத்தா முள்ளெலி, மருமகள் வாயைத் திறந்தாலே பந்தாகச் சுருண்டுகொள்ளும். ஒவ்வொரு தடவையும் கொட்டகை அதிர்ந்தது. நானும் அறைச் சுவர் ஓட்டை வழியாக ஒரு கண்ணால் பார்த்துச் சிரித்தேன். நான்காவது ரீல் முடிந்தது. குட்டி கிடைத்தது, ஆட்டம், பாட்டம். விளக்கைப் போட்டேன். ‘இடைவேளை’ என்று எழுதிய சிலைடையும் போட்டேன். பக்கத்துக் கதவுகளைத் திறந்தார்கள். நான் ஐந்தாவது ரீலை மாட்டி, கார்பனைச் சரிசெய்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து ஓட்டை வழியாகப் பார்க்கிறேன், ஒரு பிள்ளைகூட இல்லை.

கேட்டில் நின்றவர் ஓடி வந்தார். “ஒண்ணுக்கு இருக்கப் போறாவன்னுதான் நெனைச்சேன் செல்லையா. வரிசையா நின்னு பஸ் ஏறிப் போயிட்டாவளே!”

தலைமையாசிரியரைக் குற்றம் சொல்ல முடியாது. பிள்ளை தொலைந்தது, பிள்ளை கிடைத்தது, ஆடிப் பாடியாயிற்று, விளக்கும் போட்டாயிற்று. தேவதானம் பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. அவர் கூட்டிக்கொண்டு போய்விட்டார். திங்கட்கிழமை ஒரு கூட்டத்தில் மற்றத் தலைமையாசிரியர்கள் கேட்டிருக்கிறார்கள். ‘படம் நல்லாருக்கு, ஆனா முக்கா மணி நேரந்தான்’ என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறார். முக்கால் மணி நேரத்துக்கா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அலைவது? அடுத்த சனிக்கிழமைக்குச் சொல்லியிருந்த மூன்று பள்ளிக்கூடமும் வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டன. நாங்கள் வேண்டாம் என்றதும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் அந்தக் காலையில் தாங்களே ஒரு காட்சி போட்டுக்கொண்டார்கள். சனிக்கிழமை காலை கொட்டகையை அளக்க ஆள் வருவார் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். உள்ளே விடமாட்டார்களே, தெருவில் ஜன்னலுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். என்னால் பதினோரு பேர் வேலை போகிறது என்று சொல்லும்போது அழுதுவிட்டேன்.

“அழாதலே. ஒரு தப்பு பண்ணுனவன் அதே எடத்துக்குப் போயில்லா நிக்கணும். தேவதானத்துக்குப் போ. அவிய கால்ல விழுந்தாவது அடுத்த பாதியப் பாக்க வரச்சொல்லு” என்றார் அண்ணாச்சி.

“அடுத்த பாதிக்குப் பெட்டி ஏது அண்ணாச்சி?”

“ஸ்ரீவில்லிபுத்தூர்ல அவம் முதல் பாதிய ஓட்டிக்கிட்டு இருப்பாம்லா? அம்புட்டு நேரம் கடைசி நாலு ரீலு அவனுக்கு எதுக்கு?”

காய்ச்சலில் கிடந்த மனுஷனுக்கு இது தோன்றியிருக்கிறது. எனக்குத் தோன்றவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபரேட்டர் யேசுராஜ் என் சிநேகிதர். அவரிடம் போனில் கேட்டேன். “எனக்குப் பதினொண்ணேகாலுக்கு அஞ்சாவது ரீலு கையில இருக்கணும். ஒரு நிமிசம் பிந்துனா எங்க மொதலாளி என்னையத் தொலைச்சிருவாரு பாத்துக்கோ” என்றார். சம்மதித்துவிட்டார் என்று அர்த்தம்.

மறுநாளே தேவதானம் போனேன். பள்ளிக்கூட வராந்தாவில் தலைமையாசிரியர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

“முடிஞ்ச படத்துக்கு ஏது தம்பி பாதி? பிள்ளை தொலைஞ்சுது, கெடைச்சிட்டு. பாட்டும் பாடியாச்சு. இனிமே என்ன பாக்கி இருக்கு?”

எல்லாம் சுகமாக இருக்கிறது என்று நினைத்துத்தானே நானே அங்கே விளக்கைப் போட்டேன்? மிச்சம் நாலு ரீல் இருக்கிறது என்று மட்டும் முனகினேன். படம் முடியவில்லை என்பதற்கு ரீல் கணக்கைக் காரணமாகச் சொன்ன ஆபரேட்டரை அவர் ஒருமாதிரியாகப் பார்த்தார்.

அப்போது சமையல் கூடத்து வாசலிலிருந்து கையில் கரண்டியோடு மாரியம்மாள் பேசினார்.

“நாந்தான் அன்னைக்கே சொன்னேனே சார், முடியலன்னு.”

“என்னம்மா முடியல?”

“அந்தக் கெழவரு மருமக வாயத் தொறந்தாலே சுருண்டுக்கிடுதாரே, எதுக்கு? அவ வேத்து ஊருக்காரி, ஆத்துக்கு அக்கரைல இருந்து வந்தவ. வந்த நாள்ல இருந்து அவ கையால ஒரு வாய் வாங்கித் திங்கல அவரு. எல்லாரும் சாப்பிடையில அவரு தட்டு மட்டும் தள்ளியே இருந்துச்சு, நீங்க யாரும் பாக்கலியா? பிள்ளை கெடைச்சு எல்லாரும் ஆடுனாவ. அவரு ஓரமா சுருண்டேதான் கெடந்தாரு. அவரு விரிஞ்சு உக்காந்து அவ கையால வாங்கித் திங்காம படம் எப்படி சார் முடியும்?”

நான் துண்டுக்கு அடியில் படுத்திருந்தபோது ஓடிய கதை அதுதான். பேசாமல் இருப்பதற்குச் சத்தம் கிடையாது, அது காதில் விழாது. ‘யாரோ உருளுகிறார்கள்’ என்று ஐந்தாவது ரீலுக்கு எழுதினேனே, அது வேறு யாருமில்லை, தாத்தாதான். ஊர் திரும்பும் வழியில் மருமகள் ‘எங்களோட வாங்க மாமா’ என்று கூப்பிடுகிறாள். அவர் சுருண்டு, கரைச் சரிவில் உருண்டு, தனியாக நின்றுவிடுகிறார். ஆறு பெருகுகிறது. இடைவேளை விட்டிருக்க வேண்டிய இடம் அது. குட்டி தொலைந்தது வெளிக்கதை, வீட்டுக்குள்ளே ஒருவர் தொலைந்து கிடந்ததுதான் படம். பலகையில் எத்தனை கோடு போட்டாலும் இதைவிடத் தெளிவாக ஒருவர் எனக்குச் சொல்ல முடியாது.

தலைமையாசிரியர் சிரித்துவிட்டார். “அன்னைக்கே இதை வெளக்கமாச் சொல்லக்கூடாதா மாரியம்மா?”

“சொல்ல விட்டியளா? ‘வரிசையில நில்லு’ன்னு பிள்ளையளோட சேத்து என்னையும்லா நிறுத்துனிய!”

வகுப்பு ஜன்னலில் எல்லாம் தலைகள். “சார், தாத்தா என்ன ஆனாரு சார்?” என்று ஒரு பெண்குழந்தை கேட்டது. அவ்வளவுதான். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வருகிறோம் என்று தலைமையாசிரியர் வாக்குக் கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், நாலு ரீலையும் தகரப் பெட்டியில் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். கேட்டில் இறங்கினால் இரண்டு டிராக்டர் நிற்கிறது. பிள்ளைகள் மட்டும் இல்லை, அம்மாக்கள், மாமியார்கள், வேட்டி துண்டோடு பெரியவர்கள். மூன்று நாளாக மாரியம்மாள் சோறு போடும்போதும் தண்ணீர் பிடிக்கும்போதும் இந்தக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார். கிழவர் சாப்பிட்டாரா இல்லையா என்று தெரியாமல் ஊருக்கே வேலை ஓடவில்லை. சனிக்கிழமை வரமாட்டோம் என்ற பள்ளிகளிலிருந்தும் ஐந்தாறு டீச்சர்கள் என்னதான் என்று பார்க்க வந்திருந்தார்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு முதல் பாதி தெரியாதே? மாரியம்மாளையே திரைக்கு முன்னால் நிற்க வைத்தோம். மைக் வேண்டாம் என்றுவிட்டார். பத்தே நிமிடம். வண்டியில் குட்டி போனதை இரண்டு வரியில் முடித்துவிட்டு, தள்ளி இருந்த தட்டைப் பற்றி எட்டு நிமிடம் சொன்னார். மாமியார்கள் ஒரு பக்கம் சிரித்தார்கள், மருமகள்கள் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் விளக்கை அணைத்தேன்.

ஏழாவது ரீல் ஓடும்போது ஓட்டை வழியாகப் பார்த்தால், ஓரச் சுவரை ஒட்டி ஒரு டார்ச் வெளிச்சம் ஊர்ந்துகொண்டிருந்தது. முதலாளியும், அளவு நாடா வைத்திருந்த ஆளும். சொன்னபடி வந்துவிட்டார்கள். சுவரோரமாக நாடாவை இழுத்துக் குறித்துக்கொண்டே திரைப்பக்கம் போனார்கள். எட்டாவது ரீலுக்கு மாற்றச் சொல்லித் திரை மூலையில் மின்னும் புள்ளியைத் தவறவிடாமல் பிடித்தது எந்தச் சாமி புண்ணியமோ.

திரையில் மழை ஓய்ந்திருந்தது. ஆற்று நடுவில் ஒரு மரக்கட்டையில் தாத்தா ஈரப்பந்தாகக் கிடந்தார். மருமகள் நீந்திப்போய்க் கட்டையைத் தள்ளிக் கரை சேர்த்தாள். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பழம் பறித்து, ஒன்றை அவர் முன்னால் நீட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. கொட்டகையில் ஒரு குழந்தைகூட அசையவில்லை. டார்ச் வெளிச்சமும் ஓரிடத்தில் நின்றுவிட்டது. பிறகு ஒரு முள் தணிந்தது, இன்னொன்று தணிந்தது, கிழவர் மெதுவாக விரிந்து கையை நீட்டினார்.

“வாங்கிட்டாரு! வாங்கிட்டாருடோய்!” என்று மாரியம்மாள் கத்தினார்.

அந்தக் கொட்டகையில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறிக் குதித்தார்கள். பெரியவர் ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். புரொஜக்டர் பக்கத்தில் நின்று நானும் அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

ரீலைச் சுற்றிப் பெட்டியில் அடைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு ஓட்டமாக இறங்கினேன். வாசலில் முதலாளி நின்றுகொண்டிருந்தார். டிராக்டரில் ஏறும் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்திருந்த டீச்சர்களில் ஒருவர் என்னை மறித்து, “எங்க பிள்ளையளுக்கு எப்பங்க? முழுப் படமும் வேணும், ஆமா” என்றார். வரும் சனிக்கிழமை என்று நானாகச் சொல்லிவிட்டேன். முதலாளி காதில் விழுந்திருக்கும், தடுக்கவில்லை.

அளவு நாடாக்காரர் காகிதமும் பென்சிலுமாக வெளியே வந்தார். “ஒரு பக்கம் முடிஞ்சுது மொதலாளி. கூட்டம் கலைஞ்சதும் அந்தப் பக்கத்தையும் அளந்திருவோமா?”

“இன்னைக்கு வேண்டாம்யா. பொறவு பாப்போம்” என்றார் முதலாளி.

நான் ஓய்வு பெறும்வரை அந்தப் பக்கத்தை யாரும் வந்து அளக்கவில்லை.